இடுப்போடு நின்றுபோன கூந்தலும் இரவில் கையிலெடுக்கும் கத்தரிக்கோலும்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வரும் ஒரு சகோதரி இங்கே கேட்டிருக்கிறார். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளாகக் கூந்தலை வெட்டாமல் வளர்த்துவருகிறார். முழங்கால் வரை வளர்க்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் கடந்த ஒன்றரை ஆண்டாக அது இடுப்பிலேயே நிற்கிறது. மூன்று விதமான எண்ணெயும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் பார்த்தாயிற்று. சில இரவுகளில் சிக்கெடுத்து மாளாமல் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டு, அழுதுகொண்டே திரும்ப வைத்துவிடுவதாக எழுதியிருக்கிறார். கடைசி வரியில் அவர் கேட்டிருப்பது, எந்த எண்ணெய் தேய்த்தால் வேகமாக வளரும் என்பது. நான் படித்த வரையில் அவர் உண்மையில் கேட்பது எண்ணெயின் பெயரை அல்ல. இத்தனை பாடுபட்டும் ஒன்றும் நடக்கவில்லையே, இது என் தவறா, இன்னும் காத்திருப்பதில் பொருள் உண்டா என்பதே அவருடைய கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எண்ணெயைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

நான் தோல் மருத்துவர். இந்த மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் முடி கொட்டுகிறது என்று வருபவர்கள். நீளம் போதவில்லை என்று வருபவர்கள் குறைவு, ஆனால் மனம் நொந்து வருவதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஒருவருடைய தலையை நேரில் பார்க்காமல் நோயைக் கணிக்க முடியாது என்பதால், கீழே எழுதுவதை நீங்களே உங்கள் நிலையைச் சோதித்துப் பார்ப்பதற்கான வழியாக மட்டும் கொள்ளுங்கள்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது, ஆண்டுக்கு 12 முதல் 15 செ.மீ. வரை. ஒரு சாண் என்பது சுமார் 22 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு சாண் நீளம் கூடுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். உச்சந்தலையில் உள்ள முடி இடுப்பைத் தொட 75 செ.மீ.க்கு மேல் வேண்டும். முழங்காலைத் தொட, சராசரி உயரமுள்ள பெண்ணுக்கு, 120 முதல் 130 செ.மீ. வரை வேண்டும். ஆக, இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலான இடைவெளி இரண்டு சாணுக்கும் அதிகம். தடையேதும் இல்லாமல் வளர்ந்தாலும் அது ஏறத்தாழ நான்கு ஆண்டு வேலை. இந்தக் கணக்கை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எண்ணெய்ப் புட்டியின் மேல் ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் எதிர்பார்க்கிறோம்; மூன்று மாதத்தில் வருவது மூன்று விரற்கடைக்கும் குறைவு, பின்னலில் அது கண்ணுக்கே தெரியாது.

அடுத்து, வளர்வதும் நீள்வதும் ஒன்றல்ல. வளர்ச்சி நடப்பது தலைத்தோலுக்குள், வேரில். வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற இழை. அதற்கு இரத்தமும் இல்லை, உணவும் இல்லை. வேரில் மாதம் 1 செ.மீ. வந்துகொண்டே இருக்க, நுனியில் மாதம் 1 செ.மீ. ஒடிந்துகொண்டே இருந்தால், பார்ப்பவருக்கு முடி நின்றுவிட்டதாகத்தான் தோன்றும். வீட்டில் அம்மாவோ அத்தையோ தலைக்குச் சாயம் பூசுபவராக இருந்தால் ஒரு மாதம் கழித்து அவருடைய வகிட்டைப் பாருங்கள். ஒரு விரற்கடைக்கும் குறைவான வெள்ளைக் கோடு தெரியும். அவருடைய முடியும் பல ஆண்டுகளாகத் தோளுக்குக் கீழே இறங்காமல் இருந்திருக்கலாம், ஆனாலும் அந்தக் கோடு ஒரு மாதமும் தவறுவதில்லை. உங்கள் தலையிலும் அதுவே நடக்கிறது. சாயம் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே சிக்கல் வேரிலா நுனியிலா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு இரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். சில ஆண்டுகளுக்கு முன் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவியும் அவருடைய அம்மாவும் வந்தார்கள். அம்மா பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்து, "டாக்டரே, இது ஒரே நாள்ல கொட்டுனது, பாத்துக்கிடுங்க" என்றார். பிரித்தால் கோழிமுட்டை அளவு முடிச்சுருள். அந்தப் பெண் அதைப் பார்க்கவே விரும்பாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுருளை மெல்லப் பிரித்து, வெள்ளைத் தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தோம். முழு நீளமுள்ளவை ஒரு பக்கம், துண்டுகள் மறுபக்கம். முழு நீளமுள்ளவற்றின் ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அது வேர்க்குமிழ், வயதான முடி தானாக உதிர்ந்ததன் அடையாளம். அப்படிப்பட்டவை எழுபதுக்குள்தான் இருந்தன. மீதி நூற்றுக்கு மேற்பட்டவை விரல் நீளத் துண்டுகள். இரு முனையிலும் குமிழ் இல்லை. அவருக்கு முடி கொட்டவில்லை, ஒடிகிறது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு.

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. நீளமான கூந்தல் உள்ளவர்களை இந்த எண்ணிக்கை ஏமாற்றிவிடும். மூன்று அங்குல முடி வைத்திருக்கும் உங்கள் அண்ணனுக்கும் அதே 80 முடிகள்தான் உதிர்கின்றன, அவை எங்கே போயின என்றுகூட அவருக்குத் தெரியாது. உங்களுடைய 80 முடிகளை நுனியோடு நுனி சேர்த்து வைத்தால் 60 மீட்டருக்கு மேல் வரும். அது குளியலறை வடிகாலில் பந்தாகக் கிடந்தால் அச்சம் வரத்தான் செய்யும். வாரம் இருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு, இடைப்பட்ட நாட்களில் உதிர்ந்து பின்னலுக்குள்ளேயே தங்கியவையும் சேர்ந்து ஒரே நாளில் வெளியே வரும்.

நீங்களும் இப்படிப் பிரித்து வைத்துப் பார்த்து, உங்கள் தாளில் துண்டுகள் மிகுதியாக இருந்தால், அது ஓரளவுக்கு நல்ல செய்தி என்றே சொல்வேன். வேரில் நம்மால் செய்யக்கூடியது குறைவு, நுனியில் செய்யக்கூடியது நிறைய. இடுப்பளவு முடியின் கடைசி ஒரு சாண், ஆறு ஆண்டுகளாக வெயிலையும் சீப்பையும் தலையணையையும் பேருந்து இருக்கையையும் பார்த்த பகுதி. அதைப் பழைய பட்டுச்சேலையைப் போல நடத்த வேண்டும். நம் ஊரில் இதற்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று ஆண்டில் பாதி நாட்கள் முடி காய்வதில்லை. காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு ஏழரை மணிப் பேருந்தைப் பிடித்தால், மாலையில் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். நனைந்த முடி இழுத்தால் வழக்கத்தைவிட அதிகமாக நீளும், எளிதில் அறும். அந்த நிலையில் இறுக்குவதும் சீவுவதும் ஒடிவதற்கு வழி. நாளெல்லாம் காயாத தலைத்தோலில் பொடுகும் ஈர வாடையும் வருவது இன்னொரு பக்கம். வேலை நாளுக்கு முந்தைய மாலையில் குளித்து இரவுக்குள் காயவிடுவதே இதற்கு எளிய வழி. அதுவும் இயலாதபோது, நம் பாட்டிமார் போட்ட குளிப்பின்னல் இருக்கிறது. இரு காதோரத்திலிருந்தும் சிறிது முடியை எடுத்துப் பின்னால் தளர்வாகப் பின்னி, மீதியை அப்படியே விடுவார்களே, அதுதான். காற்றும் போகும், சிக்கும் விழாது. அழகுக்காகச் செய்தது என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். மழை ஊருக்கு ஏற்ற ஏற்பாடு என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்றில் இருசக்கர வண்டி ஓட்டுபவர்கள், பின்னலைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொள்ளாமல் போனால் வீடு சேர்ந்ததும் அரை மணி நேரம் சிக்கெடுக்க வேண்டியிருக்கும். சிக்கை மேலிருந்து இழுக்கக் கூடாது. ஒரு பிடி முடியை நடுவில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிடிக்குக் கீழே உள்ள நுனியை முதலில் அகலப் பல் சீப்பால் பிரித்து, பிறகு நாலு விரல் மேலே ஏறி, அங்கிருந்து மறுபடி நுனிவரை வர வேண்டும். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அவர்கள் காய்ந்த முடியைச் சீவுவதைவிட, கண்டிஷனர் பூசிய ஈரத்தில் விரலாலோ அகலப் பல் சீப்பாலோ பிரிப்பதே நல்லது. ரப்பர் விளையும் மாவட்டம் நம்முடையது என்றாலும், மளிகைப் பொட்டலத்தில் வரும் ரப்பர் வளையத்தைத் தயவுசெய்து தலையில் போடாதீர்கள். அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் அது நாலைந்து முடியை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

இப்போது எண்ணெய். தேங்காய் எண்ணெயைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒன்று உண்டு. 2003இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடியிழைக்குள் ஊடுருவிச் செல்லக்கூடியது என்பது காரணம். கவனியுங்கள், இது ஒடிவதைக் குறைப்பதற்கான சான்று. வளர்ச்சியை விரைவுபடுத்துவதற்கான சான்று அல்ல. ஆகவே குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, தலைத்தோலைவிட முடியின் கீழ்ப்பாதியில் தாராளமாகத் தடவுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு, உச்சியில் ஊற்றிவிட்டு நுனியை மறந்துவிடுகிறோம். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய்கள் ஐயத்துக்குரிய பக்கத்தில் நிற்கின்றன. கரிசலாங்கண்ணிக்கும் செம்பருத்தி இலைக்கும் எலிகளில் நடத்திய சோதனைகளில் நல்ல விளைவு தெரிந்தது உண்மை. மனிதத் தலையில் அப்படி நிறுவப்படவில்லை. தலைக்கு ஒத்துக்கொண்டால் தேயுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் நீளம் வராததற்கு அந்த எண்ணெயையோ உங்களையோ குற்றம் சொல்ல வேண்டாம். செம்பருத்தி இலையை அரைத்த தாளி தேய்த்துக் குளிப்பது கடுமையான ஷாம்புவைவிட மென்மையானது என்ற அளவில் எனக்கு உடன்பாடே. நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும், அதிலும் வளர்பிறையில் வெட்ட வேண்டும் என்பதில் உண்மை இல்லை. நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது. பிளந்த நுனியை வெட்டுவதால் பிளவு மேலே ஏறாமல் நிற்கும், அவ்வளவே. கடலோரத்தில் குளிக்கக் கிடைக்கும் உப்புத் தண்ணீர், அதாவது கடினநீர், முடியை வலுவிழக்கச் செய்கிறதா என்பதில் ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முடி முரடாவது தெரிந்தால் கடைசியாக ஊற்றும் ஒரு வாளியாவது மழைநீராகவோ குழாய்நீராகவோ இருக்கட்டும்.

தாளில் துண்டுகள் குறைவாகவும் குமிழோடு கூடிய முழு முடிகள் இயல்பைவிட மிகுதியாகவும் இருந்தால், மூன்று மாதம் பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, தாங்க முடியாத துயரம் ஆகியவற்றில் ஏதாவது நடந்திருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகத் தணியும். அப்படி ஒன்றும் இல்லாமல் உதிர்ந்துகொண்டே இருந்தால் இரத்தச்சோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும். இரத்தச்சோகை இல்லாமல் உடலின் இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்திருந்தால் முடி உதிருமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; ஆகவே பரிசோதனை முடிவைப் பார்த்ததும் தாமாக இரும்பு மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். பயோட்டினைப் பொறுத்தவரை, அதன் குறைபாடு இல்லாதவர்களுக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று கிடையாது, அந்தக் குறைபாடும் அரிது. மேலும், மிகுந்த அளவில் பயோட்டின் உட்கொண்டால் தைராய்டு போன்ற சில பரிசோதனைகளின் முடிவு தவறாக வரக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதை எச்சரித்தது. நீங்கள் அதை உட்கொண்டுவருவதால், பரிசோதனைக்குப் போகுமுன் அங்கே சொல்லிவிடுங்கள்.

இனி, சொல்வதற்கு எனக்கே தயக்கமான பகுதி. தாளிலும் குறையில்லை, உடலிலும் குறையில்லை, ஆனாலும் இடுப்போடு நிற்கிறது என்றால், அது உங்கள் முடியின் இயற்கையான எல்லையாக இருக்கலாம். ஒவ்வொரு முடியும் பொதுவாக இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு ஓய்ந்து உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. ஆறு ஆண்டு ஆயுள் உள்ள முடி ஆண்டுக்கு 13 செ.மீ. வளர்ந்தால் 78 செ.மீ.; அதுதான் இடுப்பு. முழங்கால் வரை வர வேண்டுமானால் ஒரு முடி பத்து ஆண்டுகள் உதிராமல் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சீனாவின் சியே சியூபிங் என்ற பெண் 1973 முதல் வெட்டாமல் வளர்த்த கூந்தல் 2004இல் 5.627 மீட்டர் இருந்ததாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்மிதா ஸ்ரீவாஸ்தவாவின் கூந்தல் 2023இல் 236.22 செ.மீ. என்று பதிவானது. அவர்கள் நம்மைவிட நல்ல எண்ணெய் தேய்த்தவர்கள் என்பதால் அல்ல; அவர்களுடைய முடியின் வளர்பருவம் அவ்வளவு நீண்டது, அது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது. பின்னலின் அடிப்பகுதி எலிவால் போல மெலிந்து போவதும் இதனால்தான்: எல்லா முடிக்கும் ஒரே ஆயுள் இல்லை, சில ஐந்தாண்டில் நிற்கின்றன, சில ஏழாண்டு போகின்றன. ஆனால் எட்டு ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டு தேங்கியதை வைத்து எல்லை வந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். ஒடிவதை முதலில் நிறுத்திவிட்டு, அதன்பின் ஓராண்டாவது பார்த்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

அந்த ஓராண்டை எப்படிக் கடப்பது என்பதுதான் உங்கள் மனச்சோர்வுக்கான கேள்வி. நீளத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்துங்கள். தையல்காரர் நாடாவால், நெற்றி முடிக்கோட்டிலிருந்து பின்பக்கமாக நுனிவரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே ஆளைக்கொண்டு அளந்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று மாதத்தில் 2 அல்லது 3 செ.மீ. வந்திருந்தால் நல்ல வளர்ச்சி. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நாடாவுக்குத் தெரியும். கோபம் வரும் நேரத்தையும் கவனியுங்கள். நீங்கள் எழுதியதில் அது எப்போதும் இரவு, களைத்து வந்த பிறகு, சிக்கெடுக்கும்போது. அப்படியானால் வெறுப்பு கூந்தலின் மேல் அல்ல, அந்த அரை மணி நேரத்தின் மேல். பேருந்திலிருந்து இறங்கியதும் அவிழ்க்காமல், சாப்பிட்டு முடித்து, வீட்டில் யாராவது பின்னால் உட்கார்ந்து பிரித்துவிட்டால் பாதி வெறுப்பு குறையும். தோவாளையிலிருந்து வரும் பிச்சிப்பூவை ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் கூந்தல் இனிக்கிறது, மற்ற நாட்களில் சுமையாக இருக்கிறது என்று ஒரு நோயாளி என்னிடம் சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. கொண்டையின் பாரத்தால் மாலையில் தலை வலித்து, அவிழ்த்தவுடன் வலி விட்டால், கட்டு இறுக்கம் என்று பொருள். நெற்றியோரத்தில் முடி மெலிந்துவந்தால் அந்த இறுக்கத்தை உடனே விடுங்கள். பல ஆண்டுகள் இழுபட்ட வேர் திரும்பி வராமலே போகலாம். பிளந்த நுனிகளை உட்கார்ந்தபடி விரலால் கிழிக்கும் பழக்கம் இருந்தால் கையில் வேறு வேலை கொடுங்கள். அது முடியை வேரோடு பிடுங்குவதாக மாறி, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்றால், அது பிடிவாதமோ கெட்ட குணமோ அல்ல, மருத்துவம் உள்ள ஒரு நிலை. மனநல மருத்துவரிடம் கூச்சமின்றிப் போகலாம்.

வெட்டிவிடலாமா என்று கேட்டால், தாராளமாக வெட்டலாம். உங்கள் தலை, உங்கள் முடிவு. ஆனால் இரவில் வேண்டாம், நீங்களே வேண்டாம். என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான்காம் மாதம் முடி கொத்துக்கொத்தாக வந்தது. அது தானாக நிற்கும் என்று நூறு பேருக்குச் சொன்னவள், என் தலை என்று வந்ததும் பொறுக்காமல் ஓர் அழகு நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். நாலு விரல் எடுங்கள் என்றேன். கைக்குழந்தை அழுததில் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது தரையில் இரண்டு சாண் கிடந்தது. அடுத்த இரண்டே மாதத்தில் உதிர்வது நின்றுவிட்டது, அந்த இரண்டு சாண் திரும்பி வர நான்கு ஆண்டுகள் ஆயின. அதிலிருந்து யார் கேட்டாலும் இதைச் சொல்கிறேன்: வெட்ட நினைத்த நாளைக் குறித்துக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் போங்கள். போகும்போது தளர்வாகப் பின்னி, வெட்ட வேண்டிய இடத்தில் வண்ண நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அந்த நூலுக்குக் கீழே மட்டும் கத்தரி படலாம் என்று உட்காருமுன் சொல்லுங்கள். குழந்தை அழுதால் எழுந்துவிடுங்கள்.